தொட்டி நிரம்பினால் மோட்டார் ஓடாது

ஊசி போட்டால் உடம்பு ஏறும் என்பது மாதவரம், மூலக்கடை, திருவொற்றியூர் பக்கத்து ஜிம்களில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இன்னொரு பேச்சும் அவன் காதில் விழும். ஊசி போட்டவனுக்குப் பிள்ளை பிறக்காது, ‘கீழே’ சுருங்கிப்போகும், மார்பு பெண்களுக்கு வளர்வதைப் போல வளரும் என்பார்கள். முதல் பேச்சை நம்புகிறான். இரண்டாவதைப் பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிடுகிறான். அவன் அப்படித் தள்ளுவதிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஊசியில் இருப்பது டெஸ்டோஸ்டீரோன், ஆண் உடலை ஆண் உடலாக்கும் ஹார்மோன். அதையே இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஆண்மை கூடத்தானே வேண்டும்? எப்படிக் குறையும்?

இரண்டு பேச்சும் உண்மை. ஒரே ஊசி இரண்டையும் எப்படிச் செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் டாக்டர் எழுதித் தரும் ‘ஸ்டீராய்டு’ வேறு வகை. அதை அதிக நாள் எடுத்தால் தசை கரையும். இங்கே பேசப்போவது தசையை வளர்க்கும் வகையைப் பற்றி.

திமில் சொல்லும் செய்தி

மாதவரம் பால்பண்ணையில்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே பாடமாக நடத்துவதில் ஒரு பகுதியை நம் ஊர் விவசாயி எந்தப் பல்கலைக்கழகமும் வருவதற்கு முன்பே கையால் செய்து பார்த்து அறிந்திருந்தார். கன்றைக் காயடித்தால் அது சாதுவான வண்டிமாடாகும், திமில் சின்னதாகவே நின்றுவிடும். காயடிக்காமல் விட்டால் பொலிகாளையாகும், கழுத்து தடிக்கும், திமில் எழும்பும்.

நாட்டுமாட்டின் திமில் பெரும்பாலும் தோள்பட்டைக்கு மேலே இருக்கும் தசைதான். விரையிலிருந்து கிளம்பும் ஏதோ ஒன்று உடம்பின் மறுகோடியில் உள்ள அந்தத் தசையைப் போய் வளர்க்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது என்பதை 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு சேவல்குஞ்சுகளை வைத்துக் காட்டினார். விரையை எடுத்துவிட்டால் கொண்டை வளரவில்லை. எடுத்த விரையையே வயிற்றுக்குள், நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாத இடத்தில் வைத்துத் தைத்தால் கொண்டை வளர்ந்தது, குஞ்சு சேவலாகக் கூவியது. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு சுமார் 100 கிலோ காளை விரையைக் கரைத்து வடித்து, 10 மில்லிகிராம் வெள்ளைப் படிகம் எடுத்தது. டெஸ்டோஸ்டீரோன் என்ற பெயரை அவர்கள்தான் வைத்தார்கள். அதே ஆண்டிலேயே புட்டனான்ட், ருசிக்கா என்ற இரு வேதியியலாளர்களின் குழுக்கள் அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்துவிட்டன. அந்த இருவருக்கும் 1939-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் காளை விரை யாருக்கும் தேவைப்படவில்லை.

மனிதனுக்குத் திமில் இல்லை. ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையில் டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் தொடைத் தசையில் இருப்பதைவிட அதிகம். ஊசி போடுகிறவரின் கழுத்தோரம் மேடு தட்டிப்போய், சட்டைக் காலர் பற்றாமல் போவதற்கு இது ஒரு காரணம். அனுபவமுள்ள ஜிம் மாஸ்டர்கள் கையைப் பார்ப்பதில்லை, அந்த மேட்டைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார்கள்.

கடலை எண்ணெயில் ஒரு ஹார்மோன்

டெஸ்டோஸ்டீரோனை மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் உடனே சிதைத்துவிடும். நேராக ஊசியில் ஏற்றினாலும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் வேதியியலாளர்கள் மூலக்கூறின் ஒரு முனையில் கொழுப்பு அமிலத்தால் ஒரு வாலை ஒட்டினார்கள். அந்த வால் உள்ள மருந்து எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீருக்குள் இறங்கத் தயங்கும். புட்டத் தசைக்குள் போட்ட எண்ணெய்த் துளி அங்கேயே தங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் கசியும். ரத்தத்தில் வால் வெட்டுப்பட்டு அசல் டெஸ்டோஸ்டீரோன் வெளியே வரும்.

ஜிம்களில் பேர் போன ‘சஸ்டனான் 250’ ஆம்பூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெளிர்மஞ்சளாக, ஒரு மில்லி லிட்டர் கெட்டித் திரவம் தெரியும். அது கடலை எண்ணெய். அதற்குள் நீளம் வேறுபடும் நான்கு வால்களோடு டெஸ்டோஸ்டீரோன் கரைந்திருக்கிறது. குட்டை வால் உள்ளது முதலில் இறங்கும், நீள வால் உள்ளது வாரக்கணக்கில் இறங்கும். கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு இந்த எண்ணெயே ஆபத்து. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் ஊசி தடிமனாக இருக்க வேண்டும். இடம் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் எண்ணெய்த் துளிகள் நுரையீரல் வரை போய் மூச்சுமுட்டும் இருமலைக் கிளப்பும். சுத்தமில்லாத அறையில் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும்போது சீழ்க்கட்டியும், ஒரே ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கூடவே வரும்.

சும்மா இருந்தவருக்கும் ஏறியது

ஊசி வேலை செய்யாது என்று மருத்துவ உலகம் ரொம்பக் காலம் சொல்லிக்கொண்டிருந்தது. ஏறுவதெல்லாம் தண்ணீர், எல்லாம் மனப்பிரமை என்றார்கள். இது பெரிய தவறு. ஜிம்மில் கண்ணால் பார்க்கிறவனிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொன்னால், அதற்குப் பிறகு ‘இதயம் கெடும்’ என்று சொல்லும்போது அவன் எப்படி நம்புவான்?

அந்தத் தவறைத் திருத்தியவர்களில் முக்கியமானவர் இந்திய வம்சாவளி மருத்துவர் ஷலேந்தர் பாசின். 1996-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அவருடைய குழுவின் ஆய்வு வெளிவந்தது. எடைப் பயிற்சியில் பழக்கமுள்ள 43 ஆரோக்கியமான ஆண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு குழுக்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் எனாந்தேட், அதாவது வால் ஒட்டிய வகைகளில் ஒன்று. மற்ற இரண்டுக்கும் மருந்தில்லாத வெற்று எண்ணெய். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு குழு பயிற்சி செய்தது, இன்னொன்று செய்யவில்லை. சாப்பாடு அளந்து கொடுக்கப்பட்டது. பத்து வாரம்.

வெற்று எண்ணெயோடு பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 2 கிலோ ஏறியது. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குச் சுமார் 3 கிலோ. இரண்டும் செய்தவர்களுக்குச் சுமார் 6 கிலோ.

நடு எண்ணைக் கவனியுங்கள். எடையைத் தொடாதவர், வியர்வை சிந்திப் பயிற்சி செய்தவரைவிட அதிகம் ஏறிவிட்டார். ஊசியின் ஈர்ப்பு முழுவதும் இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. ஆணழகன் போட்டி மேடையில் பக்கத்தில் நிற்கிறவன் ஊசி போட்டிருந்தால், போடாதவன் எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்தாலும் எட்டிப் பிடிப்பது கடினம். அந்தப் பையனின் ஆற்றாமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது பொய்யான ஆற்றாமை இல்லை.

ஓடாத மோட்டார்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விரை தானாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சைகை அனுப்பும். பிட்யூட்டரி இரண்டு தூண்டுநீர்களை ரத்தத்தில் விடும். ஒன்று, ‘டெஸ்டோஸ்டீரோன் செய்’ என்று விரைக்குச் சொல்லும். மற்றது விந்தணு உற்பத்தியைத் தாங்கிப் பிடிக்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் போதுமான அளவு ஏறியதும் மூளை சைகையைக் குறைத்துக்கொள்ளும்.

சென்னை வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மட்டம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பினால் நிற்கும். தொட்டிக்குள் உள்ள கருவிக்கு மட்டம்தான் தெரியும். தண்ணீர் சொந்த போர்வெல்லிலிருந்து வந்ததா, மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. லாரிக்காரர் தினமும் வந்து தொட்டியை வழிய வழிய நிரப்பினால் மோட்டார் மாதக்கணக்கில் ஓடாது, இறுகிப்போகும்.

ஊசி என்பது அந்த லாரித் தண்ணீர். ரத்தத்தில் மட்டம் வழிவதைப் பார்த்து மூளை தூண்டுநீர் இரண்டையும் நிறுத்துகிறது. விரைக்கு உத்தரவு வராது, அது சுருங்கும்.

‘அதனால் என்ன, ரத்தத்தில்தான் டெஸ்டோஸ்டீரோன் கொட்டிக் கிடக்கிறதே, விந்தணுவுக்கு அது போதாதா’ என்று கேட்கத் தோன்றும். போதாது. விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் விரைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே டெஸ்டோஸ்டீரோனின் செறிவு ரத்தத்தில் இருப்பதைப் போல ஐம்பது முதல் நூறு மடங்கு வரை இருக்கும், காரணம் அது செய்யப்படும் இடமே அதுதான். உள்ளூர் உற்பத்தி நின்றுவிட்டால், ஊசியால் ரத்தத்தில் பத்து மடங்கு ஏற்றினாலும் விரைக்குள் பழைய செறிவு வராது. ரத்தத்தில் வெள்ளம், விரைக்குள் வறட்சி. தோள் பெரிதாவதும் விந்தணு மறைவதும் ஒரே சமயத்தில் நடப்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 1990-இல் வெளியான ஆய்வில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் எனாந்தேட் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களின் விந்தில் விந்தணுவே இல்லை. அப்படி ஆன 157 பேர் வேறு எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு குடும்பம் நடத்தினார்கள். அத்தனை பேரில் ஒரே ஒரு தம்பதிக்குத்தான் கரு தரித்தது. ஜிம்மில் ‘ஆரம்பக் கோர்ஸ்’ என்று சொல்லிக் கொடுப்பது இந்தக் கருத்தடை அளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு.

பன்னிரண்டு வாரக் கணக்கு

மாதவரம் லாரி யார்டில் வேலை செய்யும் 24 வயது இளைஞர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். வாரம் 250 மில்லிகிராம் எனாந்தேட் ஆம்பூல் இரண்டு, பன்னிரண்டு வாரம், இதுதான் அவருடைய ‘சைக்கிள்’.

வாலின் எடையைக் கழித்தால் 250 மில்லிகிராமில் சுமார் 180 மில்லிகிராம்தான் அசல் டெஸ்டோஸ்டீரோன். இரண்டு ஆம்பூலுக்கு 360. இளைஞரின் விரைகள் நாளொன்றுக்குச் செய்வது சுமார் 6 மில்லிகிராம், வாரத்துக்கு ஏறக்குறைய 40. ஆக, ஊசி தருவது அவர் உடம்பே செய்வதைப் போல ஒன்பது மடங்கு.

அடுத்து, தேங்கல். உடலில் உள்ள மருந்தில் பாதி தீர ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். எனாந்தேட்டுக்கு அதை ஏறக்குறைய ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. அடுத்த வாரம் அதில் 250 மிச்சம் இருக்கும்போதே இன்னொரு 500, மொத்தம் 750. மூன்றாம் வாரம் 875. இப்படியே ஏறி, கடைசி ஊசி போட்ட அன்று உடலில் 1,000 மில்லிகிராம் நிற்கும். இளைஞருக்கு இது பொற்காலம். எடை ஏறுகிறது, கோபமும் தெம்பும் ஏறுகின்றன, நண்பர்கள் தோளைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்துகிறார். ஒரு வாரத்தில் 500, இரண்டு வாரத்தில் 250, மூன்று வாரத்தில் 125. நான்காவது வாரத்தில் அந்த 125-இல் பாதி கரைந்து, சுமார் 45 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோனைத் தருகிறது. சாதாரண மனிதனின் ஒரு வார அளவு அது. ஐந்தாவது வாரத்தில் அதில் பாதி, ஆறாவதில் கால்வாசி.

நான்காவது வாரம் வரை அவருடைய மூளைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ‘மட்டம் இறங்குகிறதே’ என்று விழிக்கிறது, விரையைத் தூண்டத் தொடங்குகிறது. விரையோ நான்கு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இந்த இடைவெளியில் அவருக்கு வெளியிலிருந்தும் டெஸ்டோஸ்டீரோன் இல்லை, உள்ளிருந்தும் இல்லை. ஏறிய தசை இறங்கும். ஆசை அற்றுப்போகும். தூக்கம் கெடும், காரணமில்லாத சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும், சிலருக்கு உயிரை விடும் எண்ணம் வரை போகும். நிறுத்தியதால்தான் இப்படி ஆனது என்று முடிவுகட்டி, மறுபடியும் ஆம்பூலை உடைக்கிறார். அடுத்த சைக்கிள் இப்படித்தான் தொடங்குகிறது, பெரும்பாலும் மேடை ஆசையில் இல்லை, இந்தப் பள்ளத்துக்குப் பயந்து.

காத்திருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்தி திரும்பும். ஆனால் சீக்கிரம் திரும்பாது. ஆண் கருத்தடை ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நிறுத்திய ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், ஓராண்டில் 90 சதவீதத்தினருக்கும் விந்தணு எண்ணிக்கை இயல்பு நிலைக்கு வந்தது. மீதிப் பேருக்கு இரண்டாண்டு வரை ஆனது. அவர்கள் அளவான மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தவர்கள். பல மருந்துகளைக் கலந்து ஆண்டுக்கணக்கில் போட்டவருக்கு இந்த உறுதியை யாரும் தர முடியாது. கல்யாணத்துக்கு முந்தின ஆண்டு உடம்பேற்ற நினைக்கும் இளைஞர் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மார்பு, முடி, உயரம்

உடலில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது, கொழுப்பில் அதிகம். டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக, அதாவது பெண்களிடம் மிகுந்திருக்கும் ஹார்மோனாக மாற்றுவது இதன் வேலை. எல்லா ஆண்களிடமும் கொஞ்சம் நடக்கும், எலும்புக்கு அது தேவையும்கூட. டெஸ்டோஸ்டீரோன் ஒன்பது மடங்கானால் ஈஸ்ட்ரோஜனும் கூடவே ஏறும். மார்புக் காம்புக்கு அடியில் வலிக்கும் ஒரு வட்டக் கட்டி தோன்றும். நாட்பட்டால் அது நாரிறுகிவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான். இன்னொரு நொதி டெஸ்டோஸ்டீரோனை அதைவிட வீரியமான வடிவமாக மாற்றுகிறது. முதுகில் கொப்புளம் கொப்புளமாகப் பருவும், வழுக்கைக்கு வாய்ப்புள்ளவருக்கு வேகமான முடி உதிர்வும் அதன் வேலை.

பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இதில் தனி. எலும்பின் நுனியில் வளர்ச்சித் தகடு மூடுவதற்குச் சைகை தருவதே ஈஸ்ட்ரோஜன்தான். ஊசியால் அது முன்கூட்டியே ஏறினால் தகடு மூடிக்கொள்ளும், மிச்சமிருந்த உயரம் நின்றுவிடும். அதைத் திருப்பித் தர மருந்து கிடையாது. பள்ளிக்கூடப் பையனுக்கு ஊசி போட்டுவிடும் ஆளை ‘மாஸ்டர்’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடியில் தெரியாத தசை

இதயமும் தசைதான். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆண்டுக்கணக்கில் ஊசி போட்ட 86 எடைப் பயிற்சியாளர்களையும், போடாத 54 பேரையும் எக்கோ செய்து பார்த்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பது அதன் வலிமைக்கு ஓர் அளவு. போடாதவர்களுக்கு அது சராசரியாக 63 சதவீதம், போட்டவர்களுக்கு 52. சோதனையின்போது மருந்தில் இருந்தவர்களுக்கு 49. பார்ப்பதற்கு இரு சாராரும் பலசாலிகளே. ஊசி போட்டவர்களின் இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவும் அதிகம். நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஊசியில் சரிந்துவிடும். சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டிப்படும். ரத்த அழுத்தமும் ஏறும். டென்மார்க்கில் ஜிம் சோதனைகளில் ஊக்கமருந்தோடு பிடிபட்ட 545 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட அவர்களின் இறப்பு விகிதம் மூன்று மடங்கு என்று 2019-இல் கணக்கு வெளியானது.

சிறுநீரகமும் தப்புவதில்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், நீண்டகாலம் ஊசி போட்ட பத்து ஆணழகர்களின் சிறுநீரகத் திசுவை ஆராய்ந்தபோது ஒன்பது பேருக்கு வடிகட்டிகளில் தழும்பு இருந்தது. உடல் எடை எகிறும்போது சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கூடுவதில்லை, இருப்பவையே கூடுதல் அழுத்தத்தில் உழைத்துத் தேய்கின்றன. ஹார்மோன் அவற்றை நேராகவும் தாக்குவதாக அந்த மருத்துவர்கள் கருதினார்கள். கடந்த சில ஆண்டுகளில் வடசென்னையிலும் ஆவடி பக்கத்திலும் இளம் உடற்பயிற்சியாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்திகளை நாளிதழில் படித்தவர்களுக்கு இது தொலைதூர ஆராய்ச்சியாகத் தோன்றாது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டீரோன் விஷம் இல்லை. விரை வேலை செய்யாதவர்களுக்கும், பருவமடைதல் தள்ளிப்போன சிறுவர்களுக்கும், திருநம்பிகளுக்கும் அது அருமையான மருந்து. குறைபாடுள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இயல்பு அளவுக்கு மட்டும் ஈடுகட்டிப் பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரிக்கவில்லை. குறையை நிரப்புவது வேறு, ஒன்பது மடங்கு ஏற்றுவது வேறு.

லேபிளுக்கு அடியில்

இந்தியாவில் டெஸ்டோஸ்டீரோன் ‘அட்டவணை எச்’ மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஜிம்முக்கு வருவதில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதில்லை. கள்ளச்சந்தைப் பாட்டிலில் எழுதியிருக்கும் மருந்தே உள்ளே இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஜிம் பேச்சில் பெரிதாக அடிபடும் டிரென்போலோன் மனிதனுக்கான மருந்தே இல்லை. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளின் காதுத் தோலுக்கடியில் வில்லையாகப் பதித்து எடை ஏற்றுவதற்கு அனுமதிக்கப்பட்டது அது. மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்து மாணவர் பாடத்தில் படிக்கும் மருந்தை, நாலு தெரு தள்ளி ஒரு பையன் தன் புட்டத்தில் போட்டுக்கொள்கிறான்.

எல்லாவற்றையும் ‘ஊசி’ என்றே சொல்வதால் மெஃபென்டெர்மினும் இதோடு கலந்துவிடுகிறது. அறுவை அரங்கில் மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் சரியும்போது ஏற்றுவதற்கான அவசர மருந்து அது. தசையை வளர்க்காது. களைப்பை மறைத்து இதயத்தை விரட்டும், பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவருக்கு

பயந்து ஒரே நாளில் நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டில் முடங்குவது நல்லதல்ல. மேலே பார்த்த பள்ளம் அப்போதுதான் வரும். உட்சுரப்பியல் மருத்துவரிடமோ, அரசு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையிலோ போய், என்ன போட்டோம், எவ்வளவு, எத்தனை மாதம் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். விரையை மீண்டும் எழுப்பும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் ஜிம் நண்பரின் பேச்சைக் கேட்டு வாங்கக் கூடாது. ரத்தத்தின் கெட்டித்தன்மை, கொழுப்பு, பிட்யூட்டரியின் தூண்டுநீர்கள், ரத்த அழுத்தம், எக்கோ, பிள்ளை வேண்டுமென்றால் விந்துப் பரிசோதனை, இவை அடிப்படை.

சிறுநீரகச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகமுள்ளவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் கூடவே நிற்கும். ‘தம்பி, உடம்பு பெருசுல்ல, அதான்’ என்று சொல்லி அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு, கெடாத சிறுநீரகத்தைக் கெட்டது என்று பயமுறுத்தவும் வாய்ப்புண்டு. ஊசி விஷயத்தைச் சொன்னால்தான் மருத்துவர் தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி சோதனையையும், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்பார். சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் அந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தழும்பு பரவுவதற்கு முன்பு பிடித்தால், ஊசியை நிறுத்தி, எடையைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை மாத்திரையால் கட்டுப்படுத்தியதில் புரத ஒழுகல் குறைந்தவர்கள் கொலம்பியா மருத்துவர்கள் பார்த்த அந்தப் பத்துப் பேரிலேயே இருந்தார்கள்.